மடற்குழுவில் வராதது

முதலில் கேக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிளம்ஸ் கேக். நானே செய்தது. செப்டம்பரில் எங்கள் கோட்டிங்கன் நகரச் சந்தைக்கு அந்தக் கருநீலப் பிளம்ஸ் வந்துவிட்டால் ஞாயிறுதோறும் ஒரு தட்டு செய்துவிடுவேன். ஆம்புலன்ஸில் வந்த இளைஞர், மேசையில் கேக் இருந்ததாகவும் அதில் இரண்டு துண்டு குறைந்திருந்ததாகவும் உங்களிடம் சொல்லியிருக்கிறார். அது தவறு. குறைந்திருந்தது மூன்று. என் நண்பன் ஹென்னிங் ஒன்று சாப்பிட்டான், நான் இரண்டு. என் இரண்டாவது துண்டைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

விசாரணை அதிகாரி திருமதி பிர்க்னர் அவர்களே, நான் சொல்லச் சொல்ல நீங்களே தட்டச்சு செய்துகொள்வதாகச் சொன்னீர்கள். நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டதற்குக் காரணம் கர்வமல்ல, பழக்கம். நான் ஒரு அமைப்பின் செயலாளர். பிறர் தொண்டை கிழியக் கத்தியதை நான்கு வரியில் சுருக்கி, கத்தியவரே 'ஆமாம், இதைத்தான் சொன்னேன்' என்று ஒப்புக்கொள்ள வைப்பதுதான் பல ஆண்டுகளாக என் வேலை. சம்பளம் கிடையாது. நன்றியும் கிடையாது. வசவு மட்டும் ஐந்து கண்டங்களிலிருந்தும் வரும்.

நீங்கள் 'குற்றம்' என்கிறீர்கள். நான் 'நடைமுறை' என்பேன். எந்தச் சொல் பொருந்தும் என்று முடிவில் பார்த்துக்கொள்ளலாம்.

அமைப்பின் பெயர் டாக்ஸ். கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருளை நாங்கள் சேர்ந்து எழுதி ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுக்கிறோம். பிரேசிலில் ஒருவர், கனடாவில் ஒருவர், போலந்தில் நால்வர் என்று உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறோம். பெரும்பாலோர் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. அதனால்தான் இத்தனை காலம் சேர்ந்திருக்கிறோம் என்பது என் எண்ணம்.

கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்தியதும் உள்ளே ஒரு நிரல் முதலில் கண் விழிக்கும். வீட்டில் முதலில் எழுந்து காபி போடுகிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது மற்றவற்றை எழுப்பும். வட்டு, வலைத் தொடர்பு, திரை எல்லாம் அதற்குப் பிறகுதான். டாக்ஸில் இந்த வேலையைச் செய்வது ஏணி என்ற நிரல். படிப்படியாக எழுப்பும். ஒருவர் எழுந்து முகம் கழுவிய பிறகே அடுத்தவரைத் தட்டும். மெதுவான ஏற்பாடுதான். ஆனால் யார் எழவில்லை என்பது உடனே தெரிந்துவிடும். இதை எழுதியது ஹென்னிங்கும் நானும். மாணவர்களாக இருந்தபோது, ஒரே அறையில், ஒரே பாத்திரத்தில் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு எழுதினோம். எனக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. ஏணி இருந்தது.

பிறகு தேன்கூடு வந்தது. இளைஞர்கள் எழுதியது. எல்லோரையும் ஒரே நேரத்தில் எழுப்பும். எழுப்பியதோடு விடாது, ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கையை விட்டுப் பார்க்கும். வேகம் என்றார்கள். பொத்தானை அழுத்திவிட்டு எட்டு நொடி காத்திருக்க முடியாதவர்கள், எதை அடிப்படையாக வைப்பது என்று இரண்டு ஆண்டுகள் சண்டை போட்டார்கள். மடற்குழுவில் அந்தச் சண்டை ஓடியது. மடற்குழு என்றால், ஒருவர் அனுப்பும் மின்னஞ்சல் எல்லோருக்கும் போய்ச் சேரும் ஏற்பாடு. காட்டுத்தீக்கும் அதற்கும் வித்தியாசம், காட்டுத்தீ மழை வந்தால் அணைந்துவிடும். தேன்கூடு வந்தால் நான் ஆடு மேய்க்கப் போகிறேன் என்று கனடாக்காரர் எழுதினார். அவரிடம் உண்மையாகவே ஆடு இருந்தது. போலந்து நண்பர் தன் தங்கையின் நிச்சயதார்த்தத்தை நிறுத்தப் பார்த்தார், மாப்பிள்ளை தேன்கூட்டுக்கு ஆதரவாக ஒரே ஒரு வரி எழுதியிருந்தார் என்பதற்காக. நான் இருவர் மடலையும் படித்துவிட்டு, 'கருத்துகள் பதிவு செய்யப்பட்டன' என்று எழுதினேன்.

கடைசியில் ஏழு பேர் கொண்ட தொழில்நுட்பக் குழு வாக்களித்து முடிவு செய்யட்டும் என்று ஆயிற்று. ஹென்னிங் அந்த ஏழு பேரில் ஒருவன். எனக்கு வாக்கு இல்லை. நான் எண்ணுகிறவன். குழுத் தலைவி ஜுரேமா, பிரேசிலின் குரிச்சிபாவிலிருந்து, காணொளிக் கூட்டத்தில் நான் விதிகளை வாசித்து முடித்ததும் சொன்னார்:

"வோல்க்மார், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? இந்த விதிப்புத்தகத்தத் தலகாணிக்கு அடியில வெச்சுத்தான் தூங்குவீங்களா, இல்ல தலகாணியே அதுதானா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஹென்னிங்தான் அதிகம் சிரித்தான். சிரிக்கட்டும். அந்த விதிகளை எழுதியவன் நான். எழுதாமல் விட்டிருந்தால் இவர்கள் என்றைக்கோ ஒருவரை ஒருவர் தின்றிருப்பார்கள்.

நடந்தது புரிய வேண்டுமானால் அந்த விதிகளில் சிலவற்றை நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும். வாக்களித்தவர், கெடு முடிவதற்குள் மனம் மாறினால் மறுபடி வாக்களிக்கலாம். கடைசியாக வந்ததே செல்லும். உறுப்பினர் எவருக்காவது உடல்நிலை கெட்டு, அது மடற்குழுவில் தெரிவிக்கப்பட்டால், வாக்கெடுப்பு அப்படியே நின்றுவிடும். மாற்று ஆள் வந்த பிறகு எல்லாம் முதலிலிருந்து. முடிவு வெளியான பிறகு ஒரு வாரத்துக்குள் குழு உறுப்பினர் யாரும் தம் வாக்கு சரியாக எண்ணப்படவில்லை என்று ஆட்சேபம் சொல்லி முடிவை நிறுத்தலாம். சொல்லாவிட்டால் சம்மதம் என்று பொருள். இவை எதிலும் எழுதப்படாத, ஆனால் எங்களில் குழந்தைக்கும் தெரிந்த இன்னொரு வழக்கமும் உண்டு. மடற்குழுவில் வராதது நடக்கவில்லை. இரண்டு பேர் பீர் குடித்துக்கொண்டே ஏதோ பேசி முடிவு செய்தால் அது முடிவல்ல. மடலாக எழுதி, உங்கள் மின்கையெழுத்தோடு அனுப்பினால்தான் நீங்கள் அதைச் சொன்னீர்கள். எத்தனையோ சூழ்ச்சிகளிலிருந்து எங்களைக் காப்பாற்றிய வழக்கம் இது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு வாக்கெடுப்பு முடிகிறது. ஏழு பேரும் வாக்களித்திருந்தார்கள். ஏணிக்கு நான்கு, தேன்கூட்டுக்கு மூன்று. கேக்கை அடுப்பிலிருந்து எடுத்தபோது எனக்கு மனம் நிறைந்திருந்தது. நான் மகிழ்ச்சியாக இருந்த கடைசி மணி நேரம் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஹென்னிங் சைக்கிளில் வந்தான். அவன் வீடு அடுத்த தெருதான். தோளில் மடிக்கணினிப் பை. ஞாயிறு காபிக்கு அவன் பை கொண்டு வருவதில்லை, அப்போதே எனக்கு ஏதோ உறுத்தியது. கேக்கைச் சாப்பிட்டான். மனைவி அல்முட்டுக்கு போன் போட்டு, "இவன் கேக்கு வழக்கம்போல பிரமாதம், உனக்கும் ஒரு துண்டு கட்டிட்டு வரேன்" என்றான். போனை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"டேய், நான் வாக்க மாத்தப் போறேன். நேர்ல சொல்லிட்டு செய்யணும்னு தோணுச்சு."

எந்த வாக்கை என்று கேட்டேன். அபத்தமான கேள்விதான்.

"தேன்கூடே இருந்துட்டுப் போகட்டும்டா."

"நாம எழுதினது ஏணி."

"நாம எழுதினோம். பழுது பாக்கறது யாரு? கடைசியா நீ ஏணியில ஒரு வரி மாத்தி எத்தன வருஷமாச்சு? சொல்லு பாப்போம். நீ விதி எழுதற, விதிக்கு விளக்கம் எழுதற, விளக்கத்துக்குத் திருத்தம் எழுதற. எவனோ சிலியில அவனோட மிஷின் எழுந்திருக்கலன்னு அழுவான். அவனுக்கு நான்தான் உக்காந்து பாக்கறேன். சாப்பாட்டு மேசையில, பல்லு வெளக்கும்போது, அல்முட்டோட அம்மா சாவுல. எனக்கு முடியலடா."

"ஒரு வருஷம் பொறுத்துக்கோ."

"போன வருஷமும் இதத்தான் சொன்ன. உனக்கு ஏணி சாமி. எனக்கு அது வேல. சாமிக்குப் பூஜ பண்ண நீ இருக்க, கோயில் கக்கூஸ் கழுவ நான் ஒருத்தன் இருக்கேன்."

நண்பர்கள் இப்படிப் பேசிக்கொள்வதுண்டு. எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்கவில்லை. ஆனால் நான் ஒன்றும் செய்யவில்லை. அவன் மடிக்கணினியைத் திறந்து மேசைமேல் வைத்தபோதும் கேக் தட்டை நகர்த்தி இடம் கொடுத்தேன். வாக்கை மாற்றுவது அவன் உரிமை. அந்த விதியை எழுதியதே நான்.

மடலை எழுதிவிட்டான். கையெழுத்திடுவதற்குக் கடவுச்சொல் கேட்டது. அடித்தான், தவறு என்றது. மறுபடி அடித்தான், மறுபடி தவறு. ஹென்னிங் கடவுச்சொல்லைத் தவறவிட்டு நான் பார்த்ததில்லை. அவன் விரல்கள் அதைத் தூக்கத்திலும் அடிக்கும்.

"என்னடா இது... கை எனக்கு..." என்றான். வலது கையை ஏதோ பிறத்தியார் கையைப் பார்ப்பதுபோல் பார்த்தான். வாய் ஒரு பக்கமாக இறங்கியது. நாற்காலியிலிருந்து சரிந்து கம்பளத்தின்மேல் விழுந்தான். மணி நான்கு அடித்தது, தேவாலயத்தில். விழுந்த சத்தம் அதிகம் இல்லை.

தலைக்குக் கீழே தலையணை வைத்தேன். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினேன். இதையெல்லாம் உங்கள் குறிப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன், ஏனென்றால் நான் அவனை அப்படியே போட்டுவிட்டேன் என்று அல்முட் சொல்லித் திரிவதாகக் கேள்விப்பட்டேன். கண் திறந்திருந்தது. என்னையே பார்த்தான்.

இப்போது என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஆம்புலன்ஸை அழைத்தால் அல்முட்டுக்குத் தெரியும். அல்முட்டுக்குத் தெரிந்தால் டாக்ஸ் முழுக்கத் தெரியும், அவளும் அந்த மடற்குழுவில் இருப்பவள். மடல் வந்துவிட்டால் வாக்கெடுப்பு நிற்கும். மாற்று ஆளாக வரிசையில் முதலில் இருந்தவன் தேன்கூட்டுப் பையன். இரண்டு ஆண்டு உழைப்பு, ஒரு ரத்தக்கட்டியால் பாழ்.

ஆனாலும் நான் செயலாளர். உறுப்பினர் ஒருவரின் நிலை குறித்துச் சந்தேகம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு எங்களிடம் வழக்கம் இருக்கிறது. நீண்ட நாள் சத்தமில்லாதவருக்கு ஒரு விசாரிப்பு மடல் அனுப்புவோம். அதைச் செய்தேன். என் கணினியில் உட்கார்ந்து எழுதினேன்: 'அன்புள்ள ஹென்னிங், குழுப் பணியைத் தொடர இயலாத நிலையில் இருக்கிறீர்களா? இருந்தால் மடற்குழுவுக்குத் தெரிவிக்கவும். பதில் இல்லையெனில், தொடர்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளப்படும்.' அனுப்பினேன். அவன் மடிக்கணினி மேசையில் 'டிங்' என்றது. கம்பளத்திலிருந்து அவன் அந்தத் திசையில் கண்ணைத் திருப்பினான்.

பதில் வரவில்லை.

இதற்குப் பிறகும் நான் ஒன்றும் பொறுப்பில்லாமல் இருந்துவிடவில்லை. பக்கவாதத்தைப் பற்றிப் படித்தேன். என் கைபேசியில் நான் தேடியவற்றை நீங்கள் எடுத்துவிட்டீர்கள், அதனால் ஒளிக்க ஒன்றுமில்லை. மூளைக்குப் போகும் ரத்தத்தில் கட்டி அடைத்துக்கொண்டால் அதைக் கரைக்க மருந்து இருக்கிறது. நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகு கொடுப்பதில்லை என்று போட்டிருந்தது. கணக்குப் போட்டேன். ஆறு மணிக்கு வாக்கெடுப்பு முடிகிறது. அழைத்தால் ஏழுக்குள் ஆஸ்பத்திரி. போதிய அவகாசம். சீக்கிரம் கொடுத்தால் நல்லது என்றும் அதே பக்கத்தில் எழுதியிருந்தது. எல்லாவற்றையும் சீக்கிரம் செய்தால் நல்லதுதான், தேன்கூட்டுக்காரர்களும் இதைத்தான் சொன்னார்கள். விதி கொடுக்கிற அவகாசத்தைப் பயன்படுத்துவது தவறாகாது.

இடையில் அல்முட் போன் செய்தாள்.

"வோல்க்மார், ஹென்னிங் போன எடுக்க மாட்டேங்கறாரே. அங்கதான் இருக்காரா?"

"இங்கதான் இருக்கான். படுத்திருக்கான்."

"மதியம் தூங்கற ஆளே இல்லையே அவரு. நீங்க கேக்குல என்ன போட்டீங்க?"

"கேக்குல பிளம்ஸ்தான் போட்டேன். ஆறு மணிக்கு மேல அனுப்பி வெக்கறேன்."

"சரி, இந்த எழவு வாக்கெடுப்பு முடியறவரைக்கும் ரெண்டு பேரும் மனுஷங்களா இருக்க மாட்டீங்க. எனக்கொரு துண்டு வெச்சிருங்க."

நான் சொன்னதில் ஒரு சொல்லாவது பொய்யா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அவன் படுத்துத்தான் இருந்தான். அந்த இரண்டாவது துண்டை அப்போதுதான் சாப்பிட்டேன். பசியால் அல்ல, கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. அல்முட்டுக்கு ஒரு துண்டைத் தட்டிலேயே ஓரமாக ஒதுக்கியும் வைத்தேன்.

ஆறு மணி ஆனது. முடிவை எழுதினேன். ஏணி நான்கு, தேன்கூடு மூன்று, ஏணியே அடிப்படை. உறுப்பினர்கள் அனைவருக்கும், குறிப்பாகக் கடைசிவரை உறுதியாக நின்ற ஹென்னிங்குக்கு, நன்றி என்று ஒரு வரி சேர்த்தேன். அனுப்புமுன் அவன் பக்கத்தில் மண்டியிட்டு வாசித்தும் காட்டினேன். அவனுக்கு முதலில் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். மரியாதைதானே.

அப்போது இடது கையைத் தூக்கினான். மேசை விரிப்பைப் பிடித்து இழுத்தான். அவன் மடிக்கணினி கீழே விழுந்தது. வாயிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது, சொல் என்று அதைச் சொல்ல முடியாது. கண்ணில் இருந்ததை நான் படித்தேன். இருபது ஆண்டு குழுக் கூட்டம் நடத்தியவனுக்கு ஆட்சேபம் எப்படி இருக்கும் என்று தெரியாதா?

முடிவை அனுப்பிவிட்டு ஆம்புலன்ஸை அழைத்தேன். அவர்களைக் குறை சொல்ல முடியாது, சட்டென்று வந்துவிட்டார்கள். அந்த இளைஞர் ஹென்னிங்கின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"எப்ப விழுந்தாரு? சரியான நேரம் வேணும் சார், மருந்துக்கு அதுதான் முக்கியம்."

"ரெண்டு மணிக்கு," என்றேன்.

"ரெண்டா? அப்பவே ஏன் கூப்பிடல?"

"நான் அடுப்படியில இருந்தேன். இப்பத்தான் பாத்தேன்."

"பாக்காம ரெண்டு மணின்னு எப்படி சொல்றீங்க?"

"சத்தம் கேட்டுச்சு. ஏதோ பொருள் விழுந்துருச்சுன்னு நெனச்சேன்."

இங்கே ஒரு பொய் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அடுப்படி. ஆனால் இரண்டு மணி என்பது பொய்யல்ல. டாக்ஸில் உலகம் முழுக்க ஆட்கள் இருப்பதால் நாங்கள் எல்லாவற்றையும் உலகப் பொது நேரத்தில்தான் சொல்வோம். கோடைகாலத்தில் ஜெர்மனியின் கடிகாரம் அதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் ஓடும். இங்கே நான்கு என்றால் அங்கே இரண்டு. எங்கள் ஆட்களில் எவராக இருந்தாலும், 'எந்த நேரக் கணக்கில்?' என்று கேட்டிருப்பார். அந்த இளைஞர் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் கணக்குப் பார்த்தார். இரண்டிலிருந்து எண்ணினால் நாலரை மணி நேரம் தாண்டிவிட்டது. இனி அந்த மருந்து கொடுத்தால் மூளையில் ரத்தம் கசியும், கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். நான்கிலிருந்து எண்ணியிருந்தால் கொடுத்திருப்பார்கள். ஹென்னிங் பிழைத்தான். வலது கை போயிற்று, பேச்சு போயிற்று.

உங்களை என் வீட்டு வாசலுக்குக் கொண்டு வந்தவள் அல்முட். பத்து நாள் கழித்து, ஆஸ்பத்திரித் தாளைப் படித்துவிட்டு, நேராக என் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"ரெண்டு மணிக்கு விழுந்தாருன்னு போட்டிருக்கு."

"ஆமா."

"நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி என்கிட்ட போன்ல பேசினாரு. கேக்கு பிரமாதம்னு சொன்னாரு. ரெண்டு மணிக்கு விழுந்த மனுஷன் எப்படி வோல்க்மார் பேசுவாரு?"

உலகப் பொது நேரத்தைப் பற்றி விளக்கினேன். பொறுமையாகத்தான் விளக்கினேன். அவள் என் முகத்தில் துப்பிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

நீங்கள் அப்படிச் செய்யவில்லை, அதற்கு நன்றி. ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள்: "அந்த அம்மாகிட்ட ஆறு மணிக்கு மேல அனுப்பறேன்னு நம்ம ஊரு நேரம் சொல்லியிருக்கீங்க. ஆம்புலன்ஸ்காரர்கிட்ட மட்டும் ஏன் சார் உலக நேரம்?" நேற்று நான் பதில் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன். ஒரு வாரம் ஆட்சேப காலம் இருந்தது. மருந்து கொடுத்திருந்தால் இரண்டு மூன்று நாளில் பேசியிருப்பான். கடவுச்சொல்லைச் சரியாக அடித்திருப்பான். அந்த இளைஞர் நேரத்தைக் கேட்டதும் பதிலுக்கு முன் நான் ஒரு கணம் நின்றேன். அந்தக் கணத்தில் இரண்டு கணக்கிலும் யோசித்தேன். யோசித்துத்தான் இரண்டு என்றேன். அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. ஒரு வாரம் பேசாமல் இருந்தால் எனக்குப் போதும்.

அது ஒரு வாரத்தோடு நிற்கவில்லை என்பதற்கு மருத்துவம்தான் பொறுப்பு.

ஏணி என்ன ஆயிற்று என்றும் கேட்டீர்கள். சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. வென்றது. வென்ற கையோடு, சிலியில் ஒருவரின் கணினி எழவில்லை, பழுது பார்க்க ஆள் இல்லை. யார் பொறுப்பேற்கிறீர்கள் என்று ஜுரேமா மடற்குழுவில் கேட்டார். கனடாக்காரர் ஆட்டுக்குக் குட்டி பிறந்திருப்பதாக எழுதினார். என்னை எல்லோரும் எதிர்பார்த்தார்கள். திறந்து பார்த்தேன். ஹென்னிங் இத்தனை ஆண்டில் அதை எவ்வளவோ மாற்றியிருந்தான், எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. பராமரிக்க ஆளில்லாத நிரலை நீக்கிவிட வேண்டும் என்று விதி இருக்கிறது. நான் எழுதிய விதிதான். நீக்கினார்கள். இப்போது டாக்ஸில் தேன்கூடு ஓடுகிறது. எட்டு நொடி மிச்சம் என்கிறார்கள். ஆனால் அது வேறு நடைமுறை, வேறு தேதி. அந்த ஞாயிற்றுக்கிழமை முடிவை அது பாதிக்காது. என் எண்ணிக்கை சரியாகவே இருந்தது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ஆட்சேப காலம் முடிவதற்கு முந்தின நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அல்முட்டுக்கு அப்போது எதுவும் தெரியாது. என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். சீக்கிரம் பார்த்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டீர்களே, இல்லையென்றால் உயிரே போயிருக்கும் என்றாள். காபி வாங்கி வரக் கீழே போனாள். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஹென்னிங்கின் பக்கத்தில் இருந்தாள்.

"ஒரே ஒரு வார்த்த திரும்பி வந்திருக்கு," என்றாள் என்னிடம். "'இல்ல'. அத மட்டும்தான் சொல்றாரு. தண்ணி வேணுமான்னு கேட்டா இல்ல. ஜன்னல் தொறக்கவான்னா இல்ல. தண்ணி வேணும்னு நெனச்சாலும் வாயில அதுதான் வரும், பாவம். அதனால நீங்க மனசுல எதுவும் வெச்சுக்காதீங்க."

அவள் நகர்ந்ததும் நாற்காலியை அவன் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு முறைப்படி கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்பின் முடிவுக்கு உறுப்பினர் ஹென்னிங்குக்கு ஏதேனும் ஆட்சேபம் உண்டா, அந்த முடிவை ஏற்கிறாரா என்று கேட்டேன்.

"இல்ல," என்றான். "இல்ல, இல்ல, இல்ல." இடது கையால் கட்டில் கம்பியை அடித்தான். கண்ணீர் காது வரைக்கும் வழிந்தது. என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். அந்தக் கையின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டியிருந்தது.

கேட்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் மடற்குழுவில் வரவில்லை. கையெழுத்தும் இல்லை. வீட்டுக்கு வந்து, மறுநாள் காலம் முடிந்ததும், குறிப்பை எழுதி மூடினேன்: ஏழு உறுப்பினரில் ஒருவரிடமிருந்தும் ஆட்சேபம் வரவில்லை.